எந்தத் துனீசியர்?

1

ஒருவரோடு ஒரே மேசையில் ஒன்பது வருடம் நின்று வெங்காயம் உரித்திருக்கிறேன். அவருக்கு நீரிழிவு இருப்பது எனக்குத் தெரியும். அவருடைய மூத்த மகள் ஒட்டாவாவில் படிப்பதும், இளையவள் படிக்க மறுப்பதும் தெரியும். கோபம் வந்தால் கத்தமாட்டார், கரட்டை வழக்கத்தைவிட மெல்லிசாக வெட்டுவார் என்பதும் தெரியும். போன பங்குனி மாதம் வரைக்கும் அவருடைய பெயர் மட்டும் எனக்குத் தெரியாது.

எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இங்கே எப்படி இருக்கிறீர்கள் என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் பனியையும் குளிரையும் பற்றிச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இந்த முறை இதை எழுதுகிறேன்.

நான் வேலை செய்வது மொன்றியலில், ஜான்-டலோன் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒரு சமையலறையில். சமையலறை என்று சொன்னாலும் அங்கே அடுப்பு இல்லை. மரக்கறிகளைக் கழுவி, உரித்து, வெட்டி, சலாட் செய்து, மூடிபோட்ட சின்னப் பெட்டிகளில் அடைப்போம். அவை டவுன்டவுனில் இருக்கிற கோப்பிக் கடைகளுக்குப் போகும். நாங்கள் பதினான்கு பேர். பழைய முதலாளிக்குப் பெயர்கள் வாயில் நுழையாது. அதனால் எல்லோரையும் நாட்டைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அவர் போய் இப்போது புது மனேஜர் வந்துவிட்டாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒருவர் போர்த்துக்கீசர். ஒருவர் ஹெயிட்டி அம்மா. நான் ஸ்ரீலங்கா. எனக்கு எதிரே நிற்பவர் துனீசியர்.

துனீசியா ஆபிரிக்காவின் வடக்கு ஓரத்தில், கடலைப் பார்த்தபடி இருக்கும் சின்ன நாடு. அரபும் பிரெஞ்சும் கதைப்பார்கள். மொன்றியலில் அவர்கள் நிறையப் பேர். என் கணவருக்கு அரபு கதைக்கிற எல்லோரும் துனீசியன்தான். எங்கள் தெருமுனைக் கடைக்காரர் மொரோக்கோக்காரர் என்று மகள் பலமுறை சொல்லிவிட்டாள். "துனீசியன்ர கடையில பால் வாங்கிக்கொண்டு வா" என்றுதான் இன்றைக்கும் சொல்லுவார்.

நாங்கள் விற்கும் ஒரு சலாட்டுக்கும் அந்தப் பெயர்தான். தகரத்து மீன், சோளம், போத்தல் ஒலிவ் எல்லாம் போட்டுக் கலந்து, துனீசியச் சலாட் என்று லேபல் ஒட்டுவோம். லேபல் ஒட்டுவது என் வேலை. எனக்கு எதிரே நிற்கும் துனீசியர் ஒரு நாள் அதைக் கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டுச் சொன்னார். அவர் பிரெஞ்சில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"மதாம், இந்தச் சலாட்டை என்ர மனுசியிட்டக் காட்டிப்போடாதேங்கோ. பேந்து அவ என்னைத் துனீசியாவுக்குத் திருப்பி அனுப்பிப்போடுவா."

நான் சிரித்தேன். அப்போதாவது உங்கள் பெயர் என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

2

கேட்காததற்குக் காரணம் அலட்சியம் இல்லை. எனக்குக் கூச்சம் கூட. அதோடு நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்த ஆம்பிளையிடம் பெயர் கேட்டுப் பழக்கமில்லை. மன்னாரில் எங்கள் பக்கத்தில் ஊரைச் சொன்னால் போதும். பேசாலையார் வந்தவர், விடத்தல்தீவார் சொன்னவர் என்றால் ஆள் யாரென்று விளங்கிவிடும். இங்கே மாதா கோவிலில் பூசை முடிந்து வெளியே வந்தாலும் முதல் கேள்வி "நீங்கள் எவடம்?" என்பதுதான். பெயர் பிறகு வரும், வராமலும் போகும். எங்கள் பங்கில் பருத்தித்துறை அக்கா என்று ஒருவர் இருக்கிறார். அவருடைய ஞானஸ்நானப் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அதனால் துனீசியர் என்ற சொல் எனக்கு மரியாதைக் குறைவாகப் படவில்லை. வீட்டில் இவர் "துனீசியன்" என்பார். அது அவன் இவன் என்பது மாதிரி இருக்கும் என்று நான் "துனீசியக்காரர்" என்பேன். அவ்வளவு கவனமாகத்தான் இருந்தேன்.

தை மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். குளிரறை வாசலில் தண்ணீர் கசிந்து தரை ஈரமாக இருந்தது. அவர் கரட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கால் வழுக்கியது. பெட்டியை விட்டிருந்தால் தப்பியிருப்பார், விடவில்லை. இடது தோள் கதவு நிலையில் அடிபட அப்படியே விழுந்தார். அந்த நேரத்தில் அங்கே நின்றது நான் ஒருத்திதான்.

ஓடிப் போனேன். "ஒண்டுமில்லை மதாம், ஒண்டுமில்லை" என்று எழும்பினார். கரட்டைப் பொறுக்கினார். மனேஜரிடம் சொல்லவேண்டும் என்றேன். பேந்து சொல்லலாம் என்றார். இரண்டு மணி வரைக்கும் நின்று வேலை செய்துவிட்டுத்தான் போனார். அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் தோளில் தசைநார் கிழிந்திருக்கிறது என்றார்கள்.

வேலையிடத்தில் காயம் பட்டால் அதற்கென்று ஒரு அரசாங்க அலுவலகம் இருக்கிறது. வேலையில் பட்ட காயம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டால், தோள் ஆறும்வரை வீட்டில் இருக்கலாம், வேலையும் போகாது. ஒப்புக்கொள்ளாவிட்டால் பெட்டி தூக்க வரவேண்டும், இல்லையென்றால் வேலையை விடவேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் கிழிந்த தோளோடு அவர் வேறு எங்கே போவார். எங்கள் மனேஜர், அன்றைக்கு யாரும் விழுந்ததாகத் தனக்குச் சொல்லவில்லை, அது பழைய தோள்வலியாக இருக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகவே சாட்சி தேவைப்பட்டது. எனக்கு ஒரு படிவம் வந்தது.

3

ஊரில் நான் பத்தாம் வகுப்புவரை படித்தவள். பிரெஞ்சில் வரும் படிவங்களை மகள் அனிற்றாதான் நிரப்புவாள். பத்தொன்பது வயது. இங்கே பிறந்தவள். வீட்டில் நான் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். படிவம் நிரப்பும் நேரத்தில் மட்டும் தமிழ் கதைப்பாள். அதனால் எனக்குப் படிவங்கள் வருவதில் கொஞ்சம் சந்தோசமும் உண்டு.

"அம்மா, விழுந்த ஆளின்ட பேர்?"

"துனீசியக்காரர் எண்டு போடு."

"அது பேர் இல்லை."

"அங்க எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை. மனேஜருக்கும் விளங்கும்."

அவள் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா. ஒன்பது வருஷம்."

"பெரிய மனுசரிட்டப் போய்ப் பேர் கேக்கிறதே?"

சோபாவில் படுத்திருந்த இவர் கண்ணைத் திறக்காமல் சொன்னார். "கொம்மா என்னையே இன்னும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இருவத்தாறு வருஷமா நான் 'இஞ்சருங்கோ'. துனீசியனிட்டப் போய்ப் பேர் கேப்பாவே?"

அனிற்றாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துனீசியர் விழுந்ததைக் கண்டேன் என்று எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு அன்றிரவு நித்திரைக்குப் போனேன்.

4

பங்குனி மாதம் பதில் வந்தது. அனிற்றா அதை ஒருமுறை மனதுக்குள் வாசித்துவிட்டுப் பிறகு மெல்லச் சொன்னாள். எங்கள் வேலையிடத்தில் துனீசியர் இரண்டு பேர் இருக்கிறார்களாம். அந்த ஒரு கிழமைக்குள்ளேயே இரண்டு பேரும் விழுந்திருக்கிறார்களாம். சாட்சி யாரைச் சொல்லுகிறார் என்று தெளிவில்லை, ஆகையால் என் படிவத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

இரண்டாவது ஆள் எங்கள் வான் சாரதி. இலையுதிர் காலத்தில்தான் வேலைக்கு வந்தவர். சந்தைப் பக்கம் வானிலிருந்து இறங்கும்போது கணுக்கால் பிரண்டு இரண்டு நாள் லீவில் நின்றவர். அவரும் துனீசியர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் சமையலறையில் அவரை ஷோஃபர் என்றே சொல்லுவார்கள். துனீசியர் என்ற பெயர் ஏற்கெனவே ஒருவருக்குப் போயிருந்தது. எனக்கு உலகத்திலேயே ஒரு துனீசியர்தான். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

அடுத்த நாள் வேலையில் மனேஜர் சொன்னார்: "துனீசியன்ர மனுவைத் தள்ளியாச்சாம். மறுபரிசீலனைக்குப் போட்டிருக்கிறாராம். அதுவும் சரிவராட்டி வேற ஆள்தான் பாக்கவேணும்." அவர் கெட்ட மனுசி இல்லை. ஒரு மேசையில் ஆள் குறைந்தால் பெட்டிகள் நேரத்துக்குப் போகாது என்ற கவலை அவருக்கு. ஆனால் என் கையெழுத்துத்தான் துனீசியரை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

சாரதியிடம் போய் நின்றேன். அவரோடு அதுவரை இரண்டு வசனம்கூடக் கதைத்ததில்லை. துனீசியருடைய வீடு எங்கே என்று கேட்டேன்.

"எந்தத் துனீசியர்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மொன்செஃபையா கேக்கிறியள்?" என்றார்.

அப்படித்தான் அந்தப் பெயர் எனக்குத் தெரியவந்தது.

5

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனோம். ஜான்-டலோன் தெருவின் கிழக்குப் பக்கம், ஒரு பேக்கரிக்கு மேலே மூன்றாம் மாடி. இவர் காருக்குள் இருக்கிறேன் என்றார். "நீ போய் உன்ர துனீசியனோட கதைச்சிட்டு வா. நான் வந்து என்ன கதைக்கிறது, வெங்காயத்தைப் பற்றியே?" ஐந்து நிமிடத்தில் அந்த வீட்டு அம்மா சால்வையோடு இறங்கிப் போய்க் காரின் கண்ணாடியில் தட்டி அவரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மொன்செஃப் இடது கையைத் துணியில் தூக்கிக் கட்டியிருந்தார். மெலிந்துபோயிருந்தார். நான் உட்காராமலே சொன்னேன். என் பிழை, உங்கள் பெயர் எனக்குத் தெரியாமல் இருந்தது, துனீசியர் என்று எழுதிவிட்டேன். வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்த பிரெஞ்சு வசனம், வாயில் வந்தபோது பாதிதான் வந்தது.

அவர் முதலில் சிரித்தார். பிறகு ஒரு தேத்தண்ணிக் கிளாசை என் பக்கம் தள்ளிவைத்தார்.

"மதாம், நான் ஸ்ஃபாக்ஸ் பட்டினத்து ஆள். அங்க என்னை ஆரும் துனீசியன் எண்டு சொன்னதில்லை. அங்க எல்லாரும் துனீசியன்தானே, சொல்லி என்ன பிரியோசனம்? இவ தலைநகரத்து ஆள். கோபம் வந்தா என்னை 'ஸ்ஃபாக்சி' எண்டுவா. எங்கட ஊரார் வேலை வேலை எண்டு சாகிறவை எண்டு ஒரு பேச்சு."

"பிழையோ?" என்றார் மனைவி. "தோள் கிழிஞ்ச பிறகும் ரெண்டு மணி மட்டும் நிண்டு கரட் வெட்டின ஆளை வேற என்னெண்டு சொல்லுறது?"

"நான் துனீசியனா ஆனது மொன்றியல் விமான நிலையத்திலதான். அண்டையில இருந்து ஒரு முழு நாட்டையும் நான் ஒருத்தனாத் தூக்கிக்கொண்டு திரியிற மாதிரி. நான் பிந்திப் போனா, துனீசியன் பிந்தினவன். நான் நல்லா வெட்டினாலும், துனீசியன் நல்லா வெட்டுறான். மொன்செஃப் வெட்டினவன் எண்டு ஒரு நாளும் ஒருத்தரும் சொன்னதில்லை."

அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு பொருளை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பது மாதிரித்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது பட்டது. மன்னாரில் இருந்தபோது என்னையும் யாரும் ஸ்ரீலங்கா என்று சொன்னதில்லை. கொழும்பில் என்னை என்னவென்று சொன்னார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்ரீலங்கா என்ற பெயரை நான் இங்கே வந்துதான் போட்டுக்கொண்டேன், நாட்டை விட்டு ஓடிவந்த பிறகு. துனீசியர் என்ற சொல்லை நான் ஊர்ப்பெயர் மாதிரி நினைத்திருந்தேன். பேசாலையார் என்றால் அந்த ஆளைத் தெரிந்தவர்கள் சொல்லுகிற பெயர். துனீசியர் என்பது அவரைத் தெரியாதவர்கள் சொல்லுகிற பெயர். வேற்றுமை அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பிறகு அவர் தன்னுடைய மனுவின் பிரதியை எடுத்துக் காட்டினார். சாட்சியின் பெயர் என்ற இடத்தில் என்னுடைய முழுப்பெயர் இருந்தது. மேரி புளோரன்ஸ், அதற்குப் பிறகு பதினாறு எழுத்தில் என் கணவருடைய தகப்பன் பெயர். ஒரு எழுத்துப் பிழை இல்லை. வங்கியில்கூட அதைச் சரியாக எழுதினதில்லை.

"எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"சுவரில வேலை அட்டவணை ஒட்டியிருக்கிறதே, மதாம். ஒன்பது வருஷமா."

அந்த அட்டவணையில் நான் என் வரியை மட்டும் பார்த்துவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது, எங்கள் வீடு இருக்கிற ரொக்ஸ்பரோவுக்குக் கிட்ட, "நல்ல மனுசன்" என்றார் இவர்.

6

மறுபரிசீலனைக்காக என்னையும் கூப்பிட்டார்கள். சித்திரை மாதம், டவுன்டவுனில், பதினோராம் மாடியில் ஒரு சின்ன அறை. கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி அம்மா. அனிற்றாவை உள்ளே விடவில்லை, வீட்டு ஆட்கள் மொழிபெயர்க்கக் கூடாதாம். அதற்கென்று தொலைபேசியில் ஒரு தமிழ்ப் பெண் வந்தார். சென்னைப் பிள்ளை. "பயப்படாம மெதுவா சொல்லுங்கம்மா" என்றார். பயப்படாதே என்று ஒருவர் சொன்னதும் எனக்கு அழுகை வரப் பார்த்தது.

அதிகாரி முதலில் கேட்டது அதே கேள்விதான். விழுந்தது எந்தத் துனீசியர்?

முழுப்பெயரைச் சொன்னேன். தகப்பன் பெயரோடு. அதை இரண்டு கிழமை பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் எனக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"முதல் படிவத்தில் ஏன் அந்தப் பெயரை எழுதவில்லை?"

எங்கள் ஊரில் மூத்தவர்களிடம் பெயர் கேட்பதில்லை என்று சொன்னேன். சென்னைப் பிள்ளை அதைக் கொஞ்சம் நீட்டியே சொன்னார். எனக்காகத் தானும் இரண்டு சொல் சேர்த்தார் என்று நினைக்கிறேன்.

அதிகாரி பேனையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஒன்பது வருடம் அவருடைய பெயரே உங்களுக்குத் தெரியாது. அவருடைய தோளைப் பற்றி மட்டும் எப்படித் தெரியும்? அது பழைய வலி என்று முதலாளி பக்கம் சொல்லுகிறார்கள்."

சரியான கேள்வி. யாரும் அப்படித்தான் கேட்பார்கள். மேசையைப் பார்த்துக்கொண்டு, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"நான் கட்டை ஆள். மூடிப் பெட்டியள் மேல் தட்டில இருக்கும். எனக்கு எட்டாது. நான் கேக்கிறதில்லை, நிமிந்து பாப்பன், அவ்வளவுதான். அவர் எடுத்துத் தருவார். ஒரு நாளைக்கு மூண்டு நாலு தரம். இடது கையாலதான் எடுப்பார். ஏனெண்டா வலது கையில கத்தி இருக்கும், வெட்டத் தொடங்கினா அவர் கத்தியைக் கீழ வைக்கமாட்டார். அந்த வியாழக்கிழமை விடியவும் அப்பிடித்தான் எடுத்துத் தந்தவர். பத்து மணிக்கு விழுந்தவர். பதினொரு மணிபோல நான் மறந்துபோய்த் தட்டை நிமிந்து பாத்தன். அவர் இடது கையைத் தூக்கினவர். நெஞ்சு மட்டத்துக்கு மேல வரேல்லை. கத்தியை மேசையில வைச்சிட்டு வலது கையால எடுத்துத் தந்தவர். அவர் கத்தியைக் கீழ வைச்சதை நான் அண்டைக்குத்தான் கண்டனான்."

சென்னைப் பிள்ளை ஒவ்வொரு வசனமாகப் பிரெஞ்சில் சொன்னார். அதிகாரி எழுதினார். கத்தி என்ற இடத்தில் நிறுத்தி, எந்தக் கை என்று திரும்பக் கேட்டு, அதையும் எழுதினார்.

வெளியே அனிற்றா நின்றாள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். அவள் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள், எனக்கு விளங்கவில்லை. ஆனால் மெத்ரோவுக்குள் இறங்கும்போது என் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

7

வைகாசி முடிவில் மொன்செஃபுக்குக் கடிதம் வந்தது. வேலையில் பட்ட காயம் என்று ஒப்புக்கொண்டார்கள். தோளுக்குச் சின்ன சத்திரசிகிச்சை செய்தார்கள். இலைகள் நிறம் மாறத் தொடங்கிய நேரத்தில் இலகுவான வேலைக்கு அனுமதி கொடுத்து அனுப்பினார்கள். பெட்டி தூக்கக்கூடாது, கை உயர்த்தக்கூடாது, கதிரையில் இருந்து லேபல் ஒட்டலாம். என் வேலை அவருக்கும் அவர் வேலை எனக்குமாகப் போனது.

வேறு ஒன்றும் மாறவில்லை. மனேஜர் இப்போதும் "துனீசியன் வந்தாச்சா?" என்றுதான் கேட்கிறார். நானும் பெரிய திருத்தம் அடைந்துவிடவில்லை. பெயர் தெரிந்தும் கூப்பிட வாய் வரவில்லை. முதல் நாள் முழுக்க "பொன்ஜூர்" என்று வணக்கம் சொன்னதோடு சரி. பெயரைத் தனியே சொன்னால் மொட்டையாக இருக்கிறது. மரியாதைக்கு மிசியூ சேர்த்தால் ஆஸ்பத்திரியில் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. அண்ணை என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அதை அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

இரண்டாம் நாள், பதினொரு மணி. மூடிப் பெட்டிகள் முடிந்துவிட்டன. நான் வாளியைக் கவிழ்த்து அதில் ஏறப்போனேன். அவர் அதைக் கண்டுவிட்டுக் கதிரையை விட்டு எழும்பினார். லேபலைக் கீழே வைத்தார். இடது கை மேல் தட்டை நோக்கி உயரத் தொடங்கியது.

"மொன்செஃப், இருங்கோ."

தமிழில்தான் வந்தது. சத்தமாகவும் வந்துவிட்டது. ஹெயிட்டி அம்மா திரும்பிப் பார்த்தார், போர்த்துக்கீசர் திரும்பிப் பார்த்தார். மனேஜர் தன் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, மொன்செஃப் யார் என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

அவருக்கு விளங்கிவிட்டது. கையை இறக்கினார், உட்கார்ந்தார்.